இரண்டு ஆனா

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் சுரேந்திரனுக்குத் தூக்கம்தான். யாங்கோன் நகரத்து லத்தா பேட்டையில் இருபதாம் தெருவில் அவன் கடை. சாப்பாடு கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் டப்பா, மூடி, பை எல்லாம் மொத்த வியாபாரம். வாரம் முழுக்க மூட்டை ஏற்றி இறக்கி, வாடிக்கைக்காரர்களோடு தொண்டை வறளப் பேசிவிட்டு, ஞாயிறன்று கடைக்கு மேலேயே இருக்கும் வீட்டில் மத்தியானம் வரை குப்புறப் படுத்துக் கிடப்பான். அந்தத் தூக்கத்தைக் கெடுத்தவள் வேறு யாருமில்லை, அவன் மனைவி சாந்தகுமாரிதான்.

சாந்தகுமாரி தாய்லாந்துக்குப் போய்க் கொசுவின் குடலில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கி வந்தவள். "இது ஊசி போடுற டாக்டர் இல்லைங்க, வேற டாக்டர்" என்று தெருவில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சுரேந்திரன் ஓய்ந்துவிட்டான். இன்னமும் யாராவது இருமிக்கொண்டே படியேறி வரத்தான் செய்கிறார்கள். அவளும் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு, "எத்தனை நாளா இருமல்?" என்று கேட்டு, நல்ல மருத்துவராகப் பார்த்து அனுப்பி வைப்பாள். பகலில் அவளுக்கு ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

வெளிநாடுகளில் ஆராய்ச்சி செய்யும் பர்மாக்காரர்கள் சிலர் ஒன்று சேர்ந்து ஒரு காரியம் ஆரம்பித்தார்கள். தமிழர், சின், கரென், முஸ்லிம் என்று சிறுபான்மை வீடுகளிலிருந்து விலங்கியலோ தாவரவியலோ படிக்கும் பிள்ளைகள், பட்டம் வாங்கியதும் கடைக் கல்லாவுக்கோ துணித் தொழிற்சாலைக்கோ போய்விடுகிறார்கள். அதற்கு மேலே ஆராய்ச்சிப் படிப்பு என்று ஒன்று இருப்பதையே அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து முனைவர் படிப்புக்குத் தயார் செய்ய வேண்டும். யாங்கோனில் அதை யார் நடத்துவது என்று பேச்சு வந்தபோது சாந்தகுமாரி கையைத் தூக்கிவிட்டாள். இடம் எங்கே என்று கேட்டார்கள். "எங்க வீட்டு மாடி இருக்கே" என்றாள். வீட்டு மாடி என்றால் சுரேந்திரனின் படுக்கை இருக்கும் இடம்.

முதல் ஞாயிறு காலையில் ஐந்து பிள்ளைகள் டப்பா அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டு, கலைந்த லுங்கியும் வெறும் மார்புமாக எழுந்து வந்த சுரேந்திரன் அப்படியே திரும்பி உள்ளே ஓடினான். அடுத்த வாரத்திலிருந்து சட்டை போட்டுக்கொண்டு எழுந்தான். அதற்கடுத்த வாரம் எல்லோருக்கும் அவனே மொஹிங்கா வாங்கி வந்தான். அந்த மீன் குழம்பு சேமியாவைக் கடை டப்பாவிலேயே ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஓர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிப்பது, கலர் தண்ணீரை வைத்துச் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றிப் பழகுவது, தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது என்று பாடம் நடந்தது. பாதி பர்மிய மொழி, பாதி ஆங்கிலம், கோபம் வந்தால் தமிழ். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மனைவி அங்கே நின்று பேசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது நன்றாக இருந்தது.

அவனை அந்த ஓரத்திலிருந்து எழுப்பி நடுவில் உட்கார வைத்தது சத்யபாமா விவகாரம்.

சத்யபாமா யாங்கோனுக்கு வடக்கே மாவ்பியிலிருந்து வருகிற பெண். அம்மா பவுனம்மாள் தமிழ். தகப்பனார் பர்மிய இனத்தவர், அறுவடை மிஷின் ஓட்டுகிறவர். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் மா தந்தா, வீட்டில் சத்யா. தமிழைச் சின்னப் பிள்ளை போலத்தான் பேசுவாள். படிப்பில் அந்த ஐந்து பேரில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எழுதக் கொடுத்தால் சாந்தகுமாரி வாங்கி இரண்டு தடவை வாசிப்பாள். வாயைத் திறக்கச் சொன்னால்தான் வம்பு.

"உங்க ஆராய்ச்சியைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒரு ஆளுக்கு விளங்குற மாதிரி சொல்லணும். இன்டர்வியூல இதைத்தான் முதல்ல கேப்பாங்க," என்றாள் சாந்தகுமாரி. ஒன்றுமே தெரியாத ஆளுக்கு எங்கே போவது என்று சுற்றிலும் பார்த்தாள். எல்லோருடைய கண்ணும் சுரேந்திரன் மேல் வந்து நின்றது.

"வாங்க இப்படி," என்றாள்.

சத்யபாமா அவன் எதிரே வந்து முட்டிபோட்டு உட்கார்ந்தாள். "அண்ணே, நாங்க வீட்டுல வாத்து வளக்குறோம்," என்று தமிழிலேயே ஆரம்பித்தாள். அவனுக்கு அதிலேயே மனசு குளிர்ந்துவிட்டது. வாத்துக்குச் சீக்கு வந்தால் தீனியில் மருந்து கலப்பார்கள். முதலில் கேட்ட மருந்து போகப் போகக் கேட்கவில்லை. ஏன் என்று பார்க்க, கல்லூரியில் ஆராய்ச்சி செய்ய அனுமதி வாங்கி, வாத்துக் குட்டைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் அதிலிருந்த கிருமிகளை வட்டத் தட்டில் வளர்த்திருக்கிறாள். தட்டின் நடுவில் மருந்தில் நனைத்த சின்னக் காகித வில்லையை வைப்பார்களாம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி எதுவும் முளைக்காமல் ஒரு வெறும் வட்டம் விழும், மழைக்கு முன்னால் நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டுகிற மாதிரி. அவள் தட்டில் வட்டமே விழவில்லை.

"மருந்தை நிறுத்திட்டுப் பாத்தேன் அண்ணே. நிறுத்தி ரொம்ப நாள் ஆன குட்டையிலயும் கிருமி அப்படியே முரண்டு பிடிக்குது. அது ஏன்னுதான் எனக்குத் தெரியணும்."

சுரேந்திரனுக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கிய குஷியில் ஒரு கேள்வி கேட்டான். "அப்ப வாத்தை வித்துட்டுக் கோழி வளத்தா இந்தத் தொல்லையே கிடையாதுல்ல?"

"ஆமா அண்ணே."

"கோழிக்கு இந்தக் கிருமி வராதா?"

"வரும் அண்ணே."

"அப்ப ஏம்மா ஆமான்னு சொன்னே?"

சத்யபாமா தலையைக் குனிந்துகொண்டாள். "அண்ணே சொன்னீங்களே... எனக்கு ஆனாவா இருந்துச்சு."

அந்தப் பர்மிய வார்த்தைக்கு அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனா என்றால், எதிரில் இருப்பவர் மனம் கோணிவிடக் கூடாதே, நம்மால் அவருக்கு ஒரு சங்கடம் வந்துவிடக் கூடாதே என்று நெஞ்சுக்குள் வந்து நாக்கைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கூச்சம். பசித்த வயிற்றோடு போய் நின்றாலும் "சாப்பிட்டாச்சு" என்று சொல்ல வைக்கும் அது. இந்த ஊரில் பிறந்தவர்களுக்குத் தாய்ப்பாலோடு வருவது.

சாந்தகுமாரி பெருமூச்சு விட்டாள். "ஆனா நல்ல குணம்தான் சத்யா. அது இல்லாத மனுஷங்களோட ஒரு வீட்டுல இருக்க முடியுமா? ஆனா, ஆராய்ச்சிக்கு அது ஆகாது. புரஃபசர் தப்பாச் சொன்னா தப்புன்னு சொல்லணும். அதைத்தான் அவங்க பாப்பாங்க."

சுரேந்திரன் கையைத் தட்டினான். "இப்ப சொன்னியே, அதான்!"

"எது?"

"'ஆனா, ஆராய்ச்சிக்கு அது ஆகாது'ன்னே. அது தமிழ் ஆனா." அவன் சத்யபாமாவின் பக்கம் திரும்பினான். "இங்க பாரும்மா, நம்மகிட்ட ரெண்டு ஆனா இருக்கு. பர்மா ஆனா வாயை மூட வைக்கும். தமிழ் ஆனா வாயைத் திறக்க வைக்கும். ஞாயித்துக்கிழமை வர்றப்போ பர்மா ஆனாவைக் கீழே செருப்பு விடுற இடத்துல விட்டுரு. தமிழ் ஆனாவை மட்டும் மேலே கொண்டுவா."

அங்கிருந்த மீரா முகைதீன் என்கிற தமிழ்ப் பையன்தான் முதலில் சிரித்தான். அவன் அதை மற்ற மூவருக்கும் பர்மிய மொழியில் எடுத்துச் சொல்லி, அவர்களுக்கும் சிரிப்பு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சத்யபாமா வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். சாந்தகுமாரி மட்டும் சிரிக்காமல் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். ஒரு வேலை வைக்கப் போகிறாள்.

"இனிமே வாரா வாரம் நீங்க தப்புத் தப்பாப் பேசணும்," என்றாள். "அவ உங்களை மறுத்துப் பேசணும்."

"தப்பாப் பேசவா? அதுக்கு நான் புதுசாப் பழகணுமா என்ன!"

ஆனாலும் சுரேந்திரன் அந்த வேலையை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கடையில் டப்பா எண்ணும்போது வாய் தானாக முணுமுணுக்கும். புதுசு புதுசாகத் தப்பு யோசிப்பான். "கிருமியெல்லாம் குளிர்ல செத்துப்போகும், அதனால ஐஸ் ஃபேக்டரிக்காரனுக்குச் சீக்கே வராது." "ஒரு குட்டையைப் பாத்தாப் போதும், எல்லாக் குட்டையும் ஒண்ணுதான்." "பெரியவங்க கட்டுரையில அச்சுப் போட்டு வந்துட்டா அது சரியாத்தான் இருக்கும்." கடைசியில் சொன்னதற்குச் சாந்தகுமாரியே உள்ளேயிருந்து ஓடி வந்து, "இது நல்ல தப்பு! எங்க பிடிச்சீங்க?" என்றாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

சத்யபாமாவின் மறுப்பு முதலில் கொசு பறக்கிற சத்தத்துக்குத்தான் வந்தது. "அப்படியும் இருக்கலாம் அண்ணே... ஆனா..." என்று இழுத்து, அந்த ஆனாவிலேயே மூச்சு முட்டி நின்றுவிடுவாள். சுரேந்திரன் பொறுமையாக அடுத்த தப்பைச் சொல்வான். மழைக்காலம் முடியும் தறுவாயில், "ஆனா" வந்த பிறகு இரண்டு வாக்கியம் கூடவே வந்தது. பின்பு ஒரு ஞாயிறு அவன் ஊற்றிக் கொடுத்த லாபெயே தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணே, இதுல பால் ஜாஸ்தி, டீயே இல்லை," என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்து முகம் சிவந்துபோயிற்று. சுரேந்திரன் உடனே போய் வேறு தேநீர் வாங்கி வந்தான். படியிறங்கும்போது மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கப் போகிறவன் போல அவன் முகம் மலர்ந்திருந்தது.

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம், பட்டப் படிப்பு முடித்தவர்களையே நேராக முனைவர் படிப்புக்கு எடுத்துக்கொள்ளும் ஒரு திட்டம் வைத்திருந்தது. சாந்தகுமாரி சத்யபாமாவையும் மீரா முகைதீனையும் அதற்கு எழுதிப்போட வைத்தாள். சத்யபாமாவுக்கு நேர்காணல் வந்தது. கம்ப்யூட்டர் வழியாகத்தான் பேச வேண்டும், இங்கே மத்தியானம் மூன்று மணிக்கு. சாந்தகுமாரிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. முந்தின நாளே மாடி அறையைப் பெருக்கி, பெட்டிகளை ஒதுக்கி, சுவரில் ஒரு வெள்ளைத் துணி கட்டி, மின்சாரம் போனால் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் போனால் பேட்டரி என்று எல்லா ஏற்பாடும் செய்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

யாரும் நினைக்காதது நடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் படாரென்று வெடித்தது. மின்சாரம் போனதோடு, கம்பத்தில் தொங்கிய இன்டர்நெட் கம்பிகளும் கருகி விழுந்தன. ஜெனரேட்டர் ஓடியது, விளக்கு எரிந்தது, இன்டர்நெட் மட்டும் இல்லை. கைபேசியில் ஒரு பக்கம் திறக்க யுகமாயிற்று. சத்யபாமா வெளுத்துப்போய்க் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்ல அண்ணே. அவங்களுக்கு எழுதி இன்னொரு நாள்..." என்றவள் பாதியிலேயே நிறுத்தினாள். இன்னொரு நாள் கேட்பதற்கும் அவளுக்கு அந்தப் பர்மா ஆனா.

சுரேந்திரன் பர்கத்துல்லாவைக் கூப்பிட்டான். பர்கத்துல்லா அவனுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். மிங்கலாடோனில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் ஆபீஸ் வைத்திருந்தான். "இன்டர்நெட் இருக்கு, வா வா," என்றான். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சுரேந்திரன் கடையை அப்படியே இழுத்துப் பூட்டிவிட்டு, டப்பா மூட்டைகளை இறக்கக்கூட நேரமில்லாமல், சத்யபாமாவை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

அவள் கம்ப்யூட்டரை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைத் தேற்றுவதாக நினைத்து அவன் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினான். "வாத்து முட்டை நீலமா இருக்கே, அது குட்டைத் தண்ணியைக் குடிக்கிறதாலதானே?" பதில் இல்லை. "மருந்தை ரெண்டு பங்காக் கலந்தாக் கிருமி பயந்துரும், இல்லியா?" அதையும் அவள் மறுக்கவில்லை. இத்தனை மாதம் பழக்கியதெல்லாம் டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்ந்து கருகிவிட்டதா என்று நினைத்தான்.

லேடான் சந்திப்பு வந்தது. பாதை இரண்டாகப் பிரியும் இடம். அவன் வழக்கம்போல வலது கைப்பக்கம் பியே ரோட்டில் போவதற்கு வண்டியை ஒதுக்கினான்.

"இல்ல அண்ணே," என்றாள் சத்யபாமா.

"என்னம்மா?"

"அந்தப் பக்கம் வேணாம். இந்த நேரத்துல அங்க வண்டியை நிறுத்திச் சோதிப்பாங்க. ரொம்ப நேரமாகும். இன்செய்ன் ரோட்ல போங்க. நான் மாவ்பி பஸ்ல தினம் வர்ற வழி."

"அது சுத்துமேம்மா?"

"சுத்துந்தான். ஆனா, நிக்காது. திருப்புங்க அண்ணே!"

பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். சுரேந்திரன் வண்டியை இடப்பக்கம் ஒடித்தான். வேனுக்குள் டப்பா மூட்டைகள் சரிந்து விழுந்தன. பாதை திறந்து கிடந்தது. மிங்கலாடோன் போய்ச் சேரும்வரை அவர்கள் எங்கேயும் நிற்கவில்லை.

பர்கத்துல்லா தன் சொந்த அறையை ஒழித்து வைத்து, மேசையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு தட்டுப் பேரீச்சம்பழமும் வைத்திருந்தான். சத்யபாமா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒட்டுப் பலகைத் தடுப்புச் சுவர் என்பதால் பேசுவது வெளியே நன்றாகவே கேட்டது. சுரேந்திரனும் பர்கத்துல்லாவும் பெஞ்சில் உட்கார்ந்து, கோயிலில் பூசைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்கள். எல்லாம் ஆங்கிலம். சுரேந்திரனுக்கு வியாபார ஆங்கிலம் உண்டு. பாதி புரியும், மீதியைக் குரலை வைத்து ஊகித்துக்கொள்வான்.

முதலில் ஒரு பெண் குரல் மெதுவாகப் பேசியது. சத்யபாமா வாத்தையும் குட்டையையும் தட்டையும் சொன்னாள். குரல் நடுங்கினாலும் தடம் மாறவில்லை. அப்புறம் ஒரு வயதான ஆண் குரல் வந்தது. அவள் பார்த்த குட்டைகள் மிகவும் குறைவு, இதை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாதே என்றது. "உண்மை," என்றாள் சத்யபாமா. "அது என் ஆராய்ச்சியில் இருக்கும் பெரிய குறை. இன்னும் நிறையக் குட்டைகளில் பார்க்க வேண்டும்." சுரேந்திரன் தலையாட்டினான். ஒத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் ஒத்துக்கொள்கிறாள்.

பிறகு அந்தக் குரல் சாதாரணமாக ஒன்று சொன்னது. பண்ணைகளில் மருந்து கலப்பதைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டால் போதும், கிருமிகள் தாமாகவே பழைய நிலைமைக்கு வந்துவிடும், பிரச்சினை தீர்ந்தது, இல்லையா?

பர்கத்துல்லா சுரேந்திரனைப் பார்த்தான். சுரேந்திரன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தான்.

"இல்லை," என்றாள் சத்யபாமா. "மன்னிக்கணும், இல்லை. நான் பார்த்தது அப்படி இல்லை. நிறுத்தின பிறகும் அவை மாறவில்லை. ஏன் என்றால், எனக்குத் தோன்றுவது..."

அதோடு பேச்சு நின்றது. நாற்காலி நகரும் சத்தம். "ஹலோ? ஹலோ?" என்று அவள் குரல் இரண்டு மூன்று தரம். பிறகு அதுவும் இல்லை. பர்கத்துல்லா எழுந்து ஓடிப் போய் எதையோ பிடுங்கி மாட்டிப் பார்த்தான். மறுபடியும் இணைப்பு கிடைத்தபோது ஒதுக்கிய நேரம் முடிந்து, அங்கே யாரும் இல்லை.

கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்தாள். "அண்ணே, நான் 'இல்லை'ன்னு சொன்னேன். உடனே அவர் போயிட்டாரு."

"லைன் போச்சும்மா. அவர் போகலை."

"தெரியலை அண்ணே," என்றாள். மாவ்பி பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, கொண்டுவந்து சேர்த்ததற்கு மட்டும் கைகூப்பி நன்றி சொன்னாள்.

அடுத்து வந்த நாட்களில் சுரேந்திரனுக்குக் கடையில் மனசு ஓடவில்லை. பெரிய டப்பா கேட்டவருக்குச் சின்ன டப்பாவைக் கொடுத்தான். ஒரு காலையில் சாந்தகுமாரி வேலைக்குக் கிளம்பும்போது கேட்டேவிட்டான்.

"நான்தானே கெடுத்தேன்?"

"எதை?"

"நல்ல பொண்ணு. அமைதியா, பணிவா இருந்துச்சு. நான் விளையாட்டு மாதிரி எதிர்த்துப் பேசு எதிர்த்துப் பேசுன்னு பழக்கி விட்டேன். நான் டப்பா விக்கிறவன், என்னைப் பாத்து இல்லைன்னா சிரிச்சுட்டுப் போயிருவேன். அவரு பெரிய புரஃபசர். அவருக்கு எப்படி இருந்திருக்கும்?"

சாந்தகுமாரி கைப்பையை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் தாய்லாந்து போன முதல் வருஷம் என்ன ஆச்சு தெரியுமா? உங்ககிட்ட சொன்னதில்லை. எங்க லேப் மீட்டிங்ல நான் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. எங்க புரஃபசர் சயாமா ரொம்ப நல்லவங்க. அவங்க ஒரு நாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'உனக்குக் காது சரியாக் கேக்குமா? கேக்கலைன்னா சொல்லு, முன்னால உட்காரலாம்'னு கேட்டாங்க."

சுரேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"சிரிங்க, பரவாயில்ல. அன்னிக்கு நான் ஹாஸ்டல்ல போய் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். எனக்குப் பாடமெல்லாம் தெரியும். பேசலாம்னு மட்டும் யாரும் சொல்லித் தரலை." அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "நீங்க ஒண்ணும் கெடுக்கலை. அந்தக் குரலை வாங்கிக்கத் தெரியாதவர்கிட்ட அவ போகாம இருக்கிறதே நல்லது."

அது அவனுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் மனசில் முள் எடுபடவில்லை.

முள் எடுபட்டது வியாழக்கிழமை. சத்யபாமா போனில் கூப்பிட்டபோது கடையில் கூட்டம். "அண்ணே, அண்ணே," என்பதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு படித்துக் காட்டினாள். புரஃபசரே மெயில் எழுதியிருந்தார். இணைப்பு அறுந்துபோனதில் அவருக்கு மிகுந்த ஏமாற்றம். அவள் 'இல்லை' என்றதும், 'ஏன் என்றால்' என்றதும் கேட்டது. அதற்குப் பிறகு என்ன சொல்ல வந்தாள் என்பதை நினைத்து அவருக்கு ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது. தயவுசெய்து இன்னொரு நாள் பேச முடியுமா?

"அவருக்கு மண்டையைக் குடையுதாம் அண்ணே!"

"குடையட்டும்," என்றான் சுரேந்திரன். கண்ணில் நீர் முட்டியது. எதிரே நின்ற பெண்மணி, என்ன துக்கச் செய்தியோ என்று பயந்து, வாங்கிய பையை எடுக்காமலே நகர்ந்தாள். அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, விஷயத்தைச் சொல்லி, ஒரு கட்டு மூடியைச் சும்மா கொடுத்தனுப்பினான்.

இரண்டாவது பேச்சு லத்தா மாடியிலேயே நடந்தது. இந்தத் தடவை சாந்தகுமாரி லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். சுரேந்திரன் மூச்சு விடுகிற சத்தமே உள்ளே கேட்கிறது என்று அவனை மட்டும் கீழே அனுப்பிவிட்டார்கள். ஒதுக்கிய நேரம் தாண்டியும் பேச்சு முடியவில்லை. நடுவில் ஒரு தடவை மேலேயிருந்து எல்லோரும் சிரிக்கும் சத்தம் வந்தது, அதில் ஒரு வயதான குரலும் இருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இடம் கிடைத்துவிட்டதாக முறைப்படி மெயில் வந்தது பிறகுதான்.

மீரா முகைதீனுக்கு அந்த வருஷம் எங்கும் கிடைக்கவில்லை. இரண்டு ஞாயிறு வராமல் இருந்தான். மூன்றாம் ஞாயிறு சுரேந்திரனே போய் அவனை மொஹிங்கா கடையிலிருந்து இழுத்து வந்தான். அடுத்த வருஷத்துக்கு இப்போது அவன் எழுதிக்கொண்டிருக்கிறான். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சொட்டு அளந்து ஊற்றக் கற்றுக்கொடுப்பதும் அவன்தான்.

பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் அலைந்து எல்லாம் கைக்கு வர மாதக்கணக்காயிற்று. சத்யபாமா கிளம்பிய அன்று சுரேந்திரன்தான் வேனில் விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனான். சாந்தகுமாரி வழி நெடுக, எந்த லேபிலும் முதல் நாளே ஒரு கேள்வியாவது கேட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பாவுக்கு அறுவடை நேரம், வர முடியவில்லை. பவுனம்மாள் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய முகத்தோடு, புதுச் சேலை கட்டிக்கொண்டு, மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் சத்யபாமா மூன்று பேரின் காலிலும் விழுந்து எழுந்தாள். சாந்தகுமாரி அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். மற்றவர்களைத் தேற்றும் பொறுப்பு சுரேந்திரனுக்கு வந்தது. அதை அவன் ஒழுங்காகச் செய்யவில்லை.

சாந்தகுமாரி அங்கிருந்தே வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அவளை பஸ் ஏற்றிவிட்டுப் பவுனம்மாளை மாவ்பியில் கொண்டுபோய் விட வண்டியைத் திருப்பினான். பவுனம்மாள் முன் சீட்டில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உள்ளே போகும்போது புள்ள ஒரு தரங்கூடத் திரும்பிப் பாக்கலையே தம்பி," என்றாள் பாதி வழியில்.

"பாத்துச்சும்மா. ரெண்டு தரம் பாத்துச்சு. நீங்க அப்ப முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு இருந்தீங்க."

"நெசமாவா?"

"நெசமா. கையைக்கூட ஆட்டுச்சு. நான்தான் உங்களுக்குப் பதிலா ஆட்டினேன்."

பவுனம்மாள் அதை மனசுக்குள் வாங்கி வைத்துக்கொள்வது போலக் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். மாவ்பிச் சந்தை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்தத் தவிட்டுக் கடையில கொஞ்சம் நிறுத்துங்க தம்பி. காலையில அவசரத்துல வாத்துக்குச் சரியாத் தீனி வைக்கலை. கத்திக்கிட்டுக் கிடக்கும்."

சுரேந்திரன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். அவள் தவிட்டைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்து, இது வேண்டாம் அதைக் கொடு என்று கடைக்காரரோடு பேரம் பேசினாள். அவன் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, வேனில் அவனுடைய டப்பா மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.